உப்பு பாக்கெட்டின் மேல் ஒரு தேதி

உப்பு பாக்கெட்டைப் பிரிக்கிற அன்றைக்கே அதன் மேல் பேனாவால் தேதி எழுதி வைப்பது எங்கள் வீட்டில் இப்போது வழக்கமாகிவிட்டது. அப்பாவுக்குக் கண்ணாடி மாற்றப் போன இடத்தில் ஆரம்பித்தது இது. எழுத்து மங்கலாகத் தெரிகிறது, பவர் ஏறியிருக்கும் என்று நினைத்துத்தான் கண் டாக்டரிடம் போனோம். அவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, விழித்திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "ஐயாவுக்கு பிரஷர் இருக்கா? மாத்திரை எடுக்கிறாரா?" என்று கேட்டார். பிரஷர் இருந்தது. மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நாலு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, அளவு 126-க்கு வந்ததும், "அதான் சரியாயிடுச்சே" என்று அவராகவே நிறுத்தி எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றைக்கு அளந்தபோது 172/104. தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை, காலை நடைகூடத் தவறியதில்லை. கண்ணுக்குள் இருக்கிற மயிரிழை போன்ற இரத்தக்குழாய்கள் மட்டும் அந்த எட்டு மாதமும் அடி வாங்கிக்கொண்டே இருந்திருக்கின்றன.

பிறகு பார்த்த பொது மருத்துவர் மாத்திரையை மறுபடி தொடங்கிவிட்டு, அம்மாவிடம் "உப்பைப் பாதியாக்குங்கம்மா" என்றார். அம்மா உடனே, "நாங்க ஊறுகாயே தொடுறதில்லைங்களே டாக்டர்" என்றார். அம்மா சொன்னது உண்மைதான். ஆனால் வீட்டுக்கு வந்து மளிகை நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். ஒரு கிலோ உப்பு எங்கள் நாலு பேருக்கு 26 நாளில் தீர்ந்துகொண்டிருந்தது. ஆயிரம் கிராமை நாலால் வகுத்து, 26-ஆல் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 9.6 கிராம். மீன் கழுவ, கீரை அலச என்று கொஞ்சம் கழித்தாலும் எட்டரை, ஒன்பதுக்குக் கீழே இறங்கவில்லை. ஊறுகாய் இல்லாமலே இவ்வளவு.

இந்தக் கணக்கை எல்லோரும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. அது சாப்பாடு, பலகாரம், டீக்கடை பஜ்ஜி எல்லாவற்றிலும் சேர்த்து. நாலு பேர் வீட்டுக்கு மாதம் 600 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் வெவ்வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் ஒருவர் சாப்பிடும் உப்பு பெரும்பாலும் 8 முதல் 11 கிராம் வரை வந்திருக்கிறது. அதாவது எங்கள் வீடு விதிவிலக்கு இல்லை, சராசரி வீடு.

சரி, உப்புக்கும் பிரஷருக்கும் என்ன சம்பந்தம்? இதைப் புரிந்துகொள்ள சிறுநீரகத்தைப் பார்க்க வேண்டும். நம் இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. அந்த நீரில் கரைந்திருக்கிற உப்பை மட்டும் தனியாக எடுத்து நிறுத்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ வரும். கடையில் வாங்குகிற பாக்கெட்டில் ஒன்றரை! அதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திரும்ப உறிஞ்சி இரத்தத்துக்கே அனுப்பிவிடுகின்றன. உப்பு அரிதாகக் கிடைத்த காலத்தில் உருவான உடம்பு இது, ஒரு சிட்டிகையைக்கூட வீணாக்காமல் பிடித்து வைப்பதில்தான் அதற்குப் பழக்கம் அதிகம், தேவைக்கு மேல் வருவதை வெளியே தள்ளுவதில் அத்தனை கெட்டிக்காரத்தனம் கிடையாது. அப்படித் தள்ள முடியாமல் தங்கிப்போகிற உப்பில் உள்ள சோடியம் தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்ளும். இரத்தக்குழாய்க்குள் ஓடுகிற அளவு கூடுகிறது. வருடக்கணக்கில் இப்படியே போனால் குழாயின் சுவரும் தடித்து விறைக்கிறது. பிறகு அந்த உப்பை வெளியேற்றவே சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிற நிலை வருகிறது. உப்பு எல்லோரையும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. வயதானவர்களுக்கும், சர்க்கரை நோய் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அழுத்தம் சட்டென்று ஏறும்.

"மேல 120, கீழ 80" என்று சொல்கிறோமே, அது மில்லிமீட்டர் பாதரசம். இதயம் சுருங்கித் தள்ளும்போது எவ்வளவு உயரத்துக்குப் பாதரசத்தை ஏற்ற முடியும் என்பது மேல் எண், அது தளர்ந்து ஓய்வெடுக்கும்போது குழாயில் மிச்சம் இருக்கிற அழுத்தம் கீழ் எண். பாதரசம் கனமானது என்பதால் எண் சின்னதாகத் தெரிகிறது. அதையே இரத்தமாக மாற்றிப் பாருங்கள். 120 என்பது கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம், ஐந்தடி. அப்பாவின் 172 என்றால் ஏழடிக்கும் மேல். ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் ஒரு பெண் குதிரையின் இரத்தக்குழாயில் நீண்ட கண்ணாடிக் குழாயைச் செருகிப் பார்த்ததை 1733-இல் எழுதி வெளியிட்டார். அந்தக் குதிரையின் இரத்தம் 8 அடிக்கு மேல் ஏறி நின்றது. கையில் பட்டை சுற்றி அளக்கிற முறை வர 1896 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, இத்தாலியின் ரிவா ரோச்சி அதைச் செய்தார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரட்கோவ் அந்தப் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்து சத்தம் கேட்கிற வழியைச் சொன்னார். இன்றைக்கும் பல ஊர்களில் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

ஒரு நாளைக்கு இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. ஐந்தடிக்குத் தள்ள வேண்டியதை ஏழடிக்குத் தள்ளுகிற வேலை, லட்சம் முறை, தினமும். அதைத் தாங்குவதற்காக இதயத்தின் இடது பக்கச் சுவர் தடிக்கிறது. மூளை, கண், சிறுநீரகம் ஆகிய மூன்றிலும் மெல்லிய குழாய்கள் அதிகம் என்பதால் அங்கேதான் முதலில் சேதம். பக்கவாதம் வந்தபிறகோ, டயாலிசிஸ் என்று சொன்னபிறகோதான் பல குடும்பங்களுக்கு இந்த எண்ணே தெரிய வருகிறது. எங்களுக்குக் கண்ணிலேயே தெரிந்துவிட்டது. அதை நினைத்தால் இப்போதும் ஒரு பெருமூச்சு வருகிறது.

"வயசானா பிரஷர் வரத்தானே செய்யும்" என்பார்கள். அப்படி ஒரு விதி கிடையாது. 32 நாடுகளில் 52 இடங்களில், பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த இன்டர்சால்ட் ஆய்வு 1988-இல் வெளியானது. அதில் அமேசான் காட்டின் யானோமாமி மக்களும் இருந்தார்கள். அவர்கள் சாப்பாட்டில் உப்பு சேர்க்கும் வழக்கமே இல்லை. சராசரி இரத்த அழுத்தம் சுமார் 95/61, வயது ஏற ஏறவும் அது கூடவில்லை. அவர்கள் ஒல்லியானவர்கள், நாள் முழுக்க உடம்பை அசைப்பவர்கள் என்பதும் சேர்ந்ததுதான் இது, எல்லாப் பழியையும் உப்பின் மேலேயே போட முடியாது. ஆனாலும் அறுபது வயதென்றால் நூற்று அறுபது சரிதான் என்கிற நம் ஊர்ப் பேச்சுக்கு அந்த மக்கள் ஒரு நல்ல பதில்.

தமிழ்நாட்டில் 2020-இல் அரசு செய்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. இந்த இரண்டாவது செய்திதான் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது. நோய் இருப்பது ஒரு பிரச்சினை என்றால், இருக்கிறது என்றே தெரியாதவர்கள், தெரிந்தும் அப்பாவைப் போல மாத்திரையை நிறுத்தியவர்கள், சாப்பிட்டும் அளவு இறங்காதவர்கள் என்று மீதி ஒன்பது பேரும் நம் வீடுகளுக்குள்தான் இருக்கிறார்கள்.

இப்போது உப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு வருவோம். இங்கேதான் நாம் படிக்கிற ஆலோசனைகளில் பெரும்பாலானவை நமக்குப் பொருந்தாமல் போகின்றன. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஒருவர் சாப்பிடும் உப்பில் முக்கால்வாசி, ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி, சீஸ், டின் சூப் போன்ற கடைச் சாமான்களிலிருந்து போகிறது. அதனால் அங்கே "பாக்கெட் உணவைத் தவிருங்கள்" என்பது சரியான அறிவுரை. நம் வீட்டிலோ பெரும்பகுதி உப்பு நம் கையால், நம் அடுப்பில் விழுகிறது. பாக்கெட் உணவைத் தவிர்த்துவிட்டோம் என்ற நிம்மதியில் ரசத்துக்கு ஒரு கை அள்ளிப் போட்டால் என்ன பயன்?

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இட்லி. மாவில் உப்பு, சட்னியில் உப்பு, சாம்பாரில் உப்பு, பொடி வைத்தால் பொடியிலும் உப்பு. மத்தியானம் குழம்பு, ரசம், பொரியல், கூட்டு, மோர் என்று ஐந்து இடம். தொட்டுக்கொள்ள அப்பளமோ வடகமோ மோர் மிளகாயோ. ராத்திரி உப்புமாவோ சப்பாத்தி குருமாவோ. ஒவ்வொன்றிலும் உப்பு "சரியாக"த்தான் இருக்கும், எதுவும் கரிக்காது. ஆனால் தட்டில் சேர்கிற பதார்த்தங்களின் எண்ணிக்கைதான் கணக்கை ஏற்றிவிடுகிறது. அதிலும் ரசமும் மோரும் தனி. வெறும் தண்ணீரில் கரைந்த உப்பு, நாக்குக்கு அவ்வளவாக உறைக்காது, ஒரு டம்ளர் குடிப்போம். ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான் ருசி என்று வேறு நினைக்கிறோம்.

நாக்குக்கே தெரியாமல் வருகிற சோடியமும் உண்டு. அப்பளம் பொரிந்து வருவதற்காகச் சேர்க்கிற அப்பளக்காரம் ஒரு சோடியப் பொருள். சமையல் சோடாவில் எடையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சோடியம்தான், அது ஆப்பத்திலும் பஜ்ஜியிலும் கடை போண்டாவிலும் போகிறது. வயிறு உப்புசம் என்று தண்ணீரில் கலக்கிக் குடிக்கிறோமே பொங்கி வருகிற பொடி, அதில் ஒரு சின்னப் பாக்கெட்டிலேயே ஒன்றிரண்டு கிராம் உப்புக்கு நிகரான சோடியம் இருக்கும். தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற மாத்திரைகளும் அப்படியே. ஊறுகாயில் எடையில் பத்தில் ஒரு பங்கு உப்பு இருப்பது சாதாரணம், கருவாட்டில் இன்னும் அதிகம். இவற்றோடு பிள்ளைகள் சாப்பிடுகிற சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, பேக்கரி ரொட்டி, பிஸ்கட். வெளிநாட்டுக்காரர்களின் உப்பு நம் வீட்டு உப்போடு வந்து சேர்ந்துகொண்டிருக்கிறது, ஒன்றுக்குப் பதில் இன்னொன்றாக வரவில்லை.

இந்த இடத்தில் யாராவது ஒருவர் இந்துப்பைப் பற்றிச் சொல்வார். எங்கள் சித்தப்பாவும் சொன்னார். ஒரு கிலோ வாங்கியும் கொடுத்தார். இந்துப்பு, இளஞ்சிவப்பு நிறத்தில் வருகிற பாறை உப்பு, கடல் உப்பு, கல்லுப்பு எல்லாமே பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். அதில் இருக்கிற மற்ற தாதுக்கள் மிகச் சொற்பம், அவற்றால் நன்மை கிடைக்கிற அளவுக்கு அந்த உப்பைச் சாப்பிட்டால் பிரஷர் எங்கேயோ போய் நிற்கும். அதைவிடக் கவலையான விஷயம், இவற்றில் பலவற்றில் அயோடின் சேர்க்கப்பட்டிருக்காது. தைராய்டுக்கு அயோடின் வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கும் ரொம்பவே வேண்டும். அயோடின் இல்லாத உப்பை நேரடி உணவுக்காக விற்க இந்தியாவில் 2006-இலிருந்து மறுபடி தடை இருக்கிறது. தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்பு விளைகிற ஊர்களை வைத்துக்கொண்டு, அயோடின் உப்பின் பயன்பாடு குறைந்த மாநிலங்களில் ஒன்றாக நாம் இருந்து வந்திருக்கிறோம், கல்லுப்பின் மேல் நமக்கு இருக்கிற பிரியம் அப்படி. உப்பைக் குறைக்கும்போது போடுகிற கொஞ்சமாவது அயோடின் கலந்ததாக இருக்கட்டும். கல்லுப்பிலிருந்து தூளுக்கு மாறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கல்லுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் ஒரு கரண்டி கல்லுப்பைவிட ஒரு கரண்டி தூளுப்பு எடை கூடுதல். அதே கரண்டி, அதே அளவு என்று போட்டால் உப்பு ஏறிவிடும்.

இன்னொரு கேள்வி நியாயமானது. நம்ம ஊர் வெயிலில் வேர்த்துக் கொட்டுகிறதே, உப்பு வேண்டாமா? உப்பளத்திலும் வயலிலும் கட்டட வேலையிலும் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்குத் தேவை கூடுதல்தான், அவர்களுக்கு நீராகாரமும் மோரும் சரியான உணவு. ஆனால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. வெயிலுக்குப் பழகிய உடம்பு வேர்வையில் போகிற உப்பையும் தானாகவே குறைத்துக்கொள்கிறது. வாந்தி பேதி என்றால் அது வேறு விஷயம், அப்போது ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுக்க வேண்டும், பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் டாக்டரையும் உடனே கேட்க வேண்டும்.

சரி, குறைப்பது எப்படி? ஒரே நாளில் பாதியாக்கினால் யாரும் சாப்பிட மாட்டார்கள். நாங்கள் அதைச் செய்து பார்த்து, மூன்றாம் நாளே அப்பா தட்டின் ஓரத்தில் தூளுப்பு வைத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று பழமொழி வைத்திருக்கிற ஊரில் அவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், நாக்கு மாறும். உப்பு குறைந்த சாப்பாட்டைத் தொடர்ந்து சாப்பிட்டால் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதத்துக்குள் அதுவே சரியான உப்பாகப் படத் தொடங்கும். பிறகு பழைய அளவு கரிக்கும். பிரிட்டன் 2003-க்குப் பிறகு இதைத்தான் நாடு முழுக்கச் செய்தது. ரொட்டி முதலான உணவுகளில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். வாங்குகிறவர்கள் பெரிதாகக் கவனிக்கவே இல்லை. 2011-க்குள் ஒருவர் சாப்பிடும் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1-க்கு இறங்கியது. நம் ஊரில் உப்பு போடுகிற கை வீட்டுக்குள்ளேயே இருப்பதால் அரசாங்கத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் கையால் அள்ளிப் போடுவதை நிறுத்தியதுதான் முதல் வேலை. உப்பு ஜாடிக்குள் ஒரு சின்னக் கரண்டி வந்தது. அம்மாவுக்கு அது பெரிய சங்கடம், நாற்பது வருடமாகக் கண் அளவிலும் கை அளவிலும் சமைத்தவர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பத்தில் ஒரு பங்கு குறைத்தோம். இட்லி மாவிலும் சப்பாத்தி மாவிலும் குறைத்தது யாருக்கும் தெரியவே இல்லை, ஏனென்றால் தொட்டுக்கொள்கிற சட்னியில் உப்பு இருக்கிறது. தயிர் சாதத்துக்கு உப்பே நிறுத்திவிட்டோம். பொரியலுக்கு இறக்கும்போது மேலாகத் தூவினால் கொஞ்சம் உப்பே நாக்கில் நன்றாகத் தெரிகிறது. எலுமிச்சை பிழிவது, மிளகைக் கூட்டுவது, கொத்தமல்லி, வறுத்துப் பொடித்த சீரகம் எல்லாம் உப்பின் இடத்தைப் பாதியாவது நிரப்பும். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்பு டப்பாவை அடுக்களைக்குக் கொண்டுபோய் வைத்ததும் ஒரு நல்ல முடிவு.

இதனால் எவ்வளவு குறையும்? ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்கள் தினமும் நாலு கிராம் உப்பைக் குறைத்தால் மேல் எண் சராசரியாக 5 புள்ளி இறங்குகிறது என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஐந்துதானா என்று தோன்றும். தனி ஒருவருக்கு அது மாத்திரைக்கு மாற்றாகாது, மாத்திரை நன்றாக வேலை செய்ய அது உதவும். ஆனால் ஒரு வீட்டிலுள்ள எல்லோருக்கும், ஒரு தெருவுக்கே இரண்டு மூன்று புள்ளி இறங்கினால் பக்கவாதம் வருகிறவர்களின் எண்ணிக்கை நிச்சயமாகக் குறையும். பிரஷர் இல்லாத நானும் தம்பியும் அதே ரசத்தைத்தானே சாப்பிடுகிறோம்.

பொட்டாசியம் இதற்கு நேரெதிர் வேலை செய்கிறது, சோடியத்தை வெளியேற்ற சிறுநீரகத்துக்கு உதவுகிறது. கீரை, வாழைப்பழம், வாழைத்தண்டு, பயறு, இளநீர் எல்லாவற்றிலும் இருக்கிறது. இதை வைத்துத்தான் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று கடையில் வருகிறது, சோடியம் குளோரைடில் ஒரு பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடைக் கலந்தது. சீனாவில் 600 கிராமங்களில் ஏறக்குறைய 21,000 பேருக்கு, பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள வயதானவர்களும்தான் அவர்கள், சமையலறை உப்பையே இப்படி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-இல் வந்த முடிவு, பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. உப்பு நம்மைப் போலவே வீட்டுச் சமையலில் விழுகிற இடம் அது என்பதால் அந்த முடிவு நமக்கு நெருக்கமானது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இதைப் பரிந்துரைத்தது. ஆனால் எல்லோருக்கும் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். டெல்மிசார்டன், லோசார்டன், ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாறக் கூடாது. அப்பா சாப்பிடுவது அந்த வகை என்பதால் நாங்கள் மாறவில்லை.

அளப்பதைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் தப்பாக அளந்து பயந்தவர்களும் தப்பாக அளந்து நிம்மதியானவர்களும் நிறைய. மாடிப்படி ஏறி, வரிசையில் நின்று, நர்சிடம் பேசிக்கொண்டே சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றி எடுத்த எண்ணுக்கு மதிப்பு குறைவு. அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, டீ, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, கால் மேல் கால் போடாமல், ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசை மேல், இதயத்தின் உயரத்தில். அளக்கும்போது பேச்சு வேண்டாம். ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஒருமுறை. வீட்டுக்கு மெஷின் வாங்கினால் மேல்கையில் கட்டுவதை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது அவ்வளவு நம்பகமில்லை, கை பருமனானவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும். மருத்துவமனையில் பல நாளில் பார்த்தும் 140/90, வீட்டில் சராசரி 135/85, இவற்றுக்கு மேல் போனால் உயர் இரத்த அழுத்தம் என்பது பொதுவான கணக்கு. அமெரிக்காவில் 2017-இல் இந்தக் கோட்டை 130/80-க்கு இறக்கிவிட்டார்கள். மெஷின் இல்லாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து அளந்து, மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அந்தப் பெண்கள் வரும்போது "எனக்கு ஒண்ணும் இல்லைம்மா" என்று அனுப்பிவிடாதீர்கள்.

ஏனென்றால் ஒன்றும் இல்லை என்பதை உடம்பு சொல்லாது, எண்தான் சொல்லும். நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான ஒரு பழக்கமும் இருக்கிறது. யாருக்காவது தலை சுற்றினால் போதும், "பிரஷர் இறங்கிடுச்சு" என்று சொல்லி எலுமிச்சைச் சாற்றில் உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்துவிடுவோம். தலைசுற்றலுக்குக் காதுக் கோளாறு, சர்க்கரை இறங்குவது, சோகை, சாப்பிடாமல் இருந்தது என்று எத்தனையோ காரணம் உண்டு. சில நேரம் பிரஷர் ஏறியே இருக்கலாம். அளந்து பார்க்காமல் உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை கால் தளர்வது, பேச்சு குழறுவது, இவை திடீரென்று வந்தால் அளந்துகொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். மூளையின் குழாயில் அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டியது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற மூட்டு வலி மாத்திரைகள், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரியானவை, பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகளும் அப்படி. எனக்கு அதிர்ச்சியாக இருந்தது அதிமதுரம். இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ள நம் வீட்டில் எப்போதும் இருக்கிற குச்சி. அதில் உள்ள கிளைசிரைசின் என்ற பொருள் உடம்பில் சோடியத்தைத் தங்க வைத்துப் பொட்டாசியத்தை இறக்கிவிடும். என்றைக்காவது ஒரு துண்டு பரவாயில்லை, பிரஷர் உள்ளவர்கள் தினமும் கஷாயம் வைத்துக் குடிக்கக் கூடாது. புகையிலை, மது, உடல் பருமன், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இவை பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நான் நீட்டவில்லை. வேகமாக நடப்பது நல்லது, அப்பா நடந்துகொண்டுதான் இருந்தார், அது மட்டும் போதவில்லை.

மாத்திரை ஆரம்பித்தால் விட முடியாது என்ற பயம்தான் அப்பாவை நிறுத்த வைத்தது என்று பிறகு சொன்னார். மாத்திரை போதைப் பழக்கம் போல ஒட்டிக்கொள்வதில்லை. 126 வந்ததே மாத்திரையால்தான், அதை எடுத்துவிட்டால் எண் பழைய இடத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். எடை குறைந்து உப்பும் குறைந்தால் டாக்டரே அளவைக் குறைக்கலாம். அப்பாவுக்கு இந்த ஜூன் மாதம் அப்படிக் குறைத்திருக்கிறார்கள். இப்போது வீட்டில் அளந்தால் 128, 130 என்று வருகிறது, ஒரு பழைய டைரியில் எழுதி வைத்துக்கொள்கிறார்.

போன முறை பிரித்த உப்பு பாக்கெட் 41 நாள் வந்தது. ஆளுக்கு ஆறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். இன்னும் ஒரு கிராம் பாக்கி இருக்கிறது, அது ரசத்தில்தான் இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அம்மா இன்னும் சம்மதிக்கவில்லை.